மறு: இன்டர்காம் கையேடு – ‘ஐபி ரேட்டிங்’ என்பதற்கு ‘உறைக்காப்பு எண்’

நண்பர்களுக்கு வணக்கம்.

வாசலில் நிற்பவரோடு உள்ளிருந்தே பேசவும் பூட்டைத் திறக்கவும் உதவும் கம்பிவழி இன்டர்காமைப் பொருத்துவோருக்கான நம் கையேட்டில் மின்சாரம் பற்றிய பகுதி ஏறத்தாழ முடிந்துவிட்டது. வெயில், மழை, தூசு பற்றிய பகுதிதான் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. கருவியின் பெட்டிக்குள் தூசும் தண்ணீரும் போகாமல் எந்த அளவுக்குத் தடுக்கப்படுகின்றன என்று காட்டும் ஐபி 54, ஐபி 65 போன்ற எண்களுக்கு என்ன பெயர் வைப்பது? இந்த இழையில் வந்த ‘நுழைவுப் பாதுகாப்பு’, ‘புகுதடை’, ‘புகாமை’ என்ற மூன்று பரிந்துரைகளையும், ஏணி மேல் நின்று வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் படித்தால் என்ன புரியும் என்று யோசித்துப் பார்த்தேன்.

‘நுழைவுப் பாதுகாப்பு’ வேறு கருவிக்கு வேண்டுமானால் ஒத்துவரலாம். இன்டர்காமோ வாசலிலேயே இருக்கும் பொருள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் வாசற்கதவும் காவலாளியும்தான் நினைவுக்கு வரும். இதை விட்டுவிடலாம்.

‘புகுதடை’ எனக்குப் பிடித்திருந்தது. சுருக்கமான சொல், அளவையும் குறிக்கக்கூடியது. ஆனால் நம் கையேட்டில் சில பக்கங்களுக்கு முன்புதான் தடை என்பதை மின்தடை என்ற பொருளில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். 12 வோல்ட்டில் ஓடும் வாசல் கருவிக்கு 0.5 மி.மீ. விட்டமுள்ள செப்புக் கம்பியை 50 மீட்டர் இழுத்தால், போக வர 100 மீட்டருக்குச் சுமார் 9 ஓம் தடை. பூட்டு திறக்கும்போது அரை ஆம்பியர் ஓடினால் 4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். குரல் விட்டு விட்டு வரும், பூட்டும் சரியாகத் திறக்காது. 1.5 சதுர மி.மீ. கம்பியில் அந்த இழப்பு அரை வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர் அடுத்த பகுதியில் ‘புகுதடை 65’ என்று பார்த்தால் 65 ஓம் என்றே எடுத்துக்கொள்வார்.

‘புகாமை’ அழகான சொல். நீர்புகா, காற்றுப்புகா என்று ஏற்கெனவே நம் வாயில் புழங்குவது. ஆனால் அது முழு உறுதி தருகிறது. இந்த எண்கள் அப்படித் தருவதில்லை. முதல் இலக்கம் 5 என்றால் கொஞ்சம் தூசு உள்ளே போகலாம், கருவியின் வேலை மட்டும் கெடக்கூடாது. 6 இருந்தால்தான் தூசு அறவே போகாது. இரண்டாம் இலக்கத்தில் 4 என்பது எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீர், 5 என்பது பீய்ச்சி அடிக்கும் நீர், 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம். 7 இருந்தால் 5-ம் அதற்குள் அடங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. இதற்கெல்லாம் பொதுவாகப் ‘புகாமை’ என்று எழுதினால், வாங்குபவருக்கு நாம் சொல்லக்கூடாததைச் சொன்னதாகிவிடும்.

என் பரிந்துரை ‘உறைக்காப்பு எண்’. இந்த எண்களை வரையறுக்கும், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60529 என்னும் தரநிலையின் தலைப்பே, உறைகள் தரும் காப்பின் அளவுகள் என்றுதான் பொருள்படும். காப்பைத் தருவது உறை. இந்த ஒரு செய்தி சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பில் ஐபி 65 கருவி ஒன்றை மாட்டினார்கள். ஒயர் இழுக்க வசதியாகப் பெட்டியின் தலையில் ஒரு துளை போட்டு, ஒயரைச் சுற்றித் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் இல்லாமல் விட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் ஒயரோடு வழிந்த தண்ணீர் நேரே சர்க்யூட் போர்டில் இறங்கியது. எண் அட்டையில் அச்சாகி இருந்ததால் கருவியே மழையைத் தாங்கும் என்று நம்பிவிட்டார்கள். உறையைத் துளைத்த நிமிடமே 65 போய்விட்டது என்பதை அந்தப் பெயராவது சொல்லியிருக்க வேண்டும்.

உறை என்ற சொல்லின் மேல் எனக்கு இன்னொரு பிடிப்பும் இருக்கிறது. உறைக்கிணற்றில் சுடுமண் உறைகளை ஏன் இறக்குகிறோம்? மண் சரிந்து விழாமல் தடுக்க. தண்ணீர் ஊறி வரத்தானே வேண்டும்! கீழடியில் கிடைத்த உறைகளும் அந்த வேலையைத்தான் செய்தன. திடப்பொருளுக்கு ஒரு அளவு, நீருக்கு வேறொரு அளவு. இரண்டு இலக்கங்களின் கருத்தும் அதேதான். முதலாவதைத் ‘தூசு இலக்கம்’ என்றும் இரண்டாவதை ‘நீர் இலக்கம்’ என்றும் சொல்லிவிடலாம். தூசு இலக்கத்தின் கீழ்ப்படிகளில் விரல், கம்பி போன்றவற்றைத் தடுப்பதும் வரும். அதை ஒரு வரியில் விளக்கினால் போதும்.

‘உறை’ உறைபனியை நினைவூட்டாதா என்று ஒரு தயக்கம் எழலாம். உறைபனி, உறைநிலை இரண்டும் வினைத்தொகை; அங்கே வல்லினம் வந்தாலும் மிகாது. ‘உறைக்காப்பு’ என்பதில் உள்ள ‘க்’ பெயர்ச்சொல் என்று காட்டிவிடுகிறது. அதனால் அந்த ஒற்றை எங்கேயும் விட்டுவிடாதீர்கள்.

கையேட்டில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: உறைக்காப்பு எண் உப்புக்காற்றில் துருப்பிடிப்பதைப் பற்றியோ, பெட்டிக்குள்ளேயே குளிர்ந்து படியும் ஈரத்தைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. கடற்கரை ஊர்களில் திருகாணியையும் இணைப்பு முனைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். முனை அரித்தால் மேலே சொன்ன 9 ஓமோடு இன்னும் சில ஓம் கூடும்.

வரைவில் நான் போட்டிருக்கும் வாக்கியம் இது: “கூரையில்லாத வாசலில் உறைக்காப்பு எண் 65 கொண்ட கருவியைப் பொருத்துக, ஒயரைக் கீழ்ப்பக்கமாக, கிளாண்ட் வழியே மட்டும் நுழைக்க.” எதிர்ப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். அப்புறம், அடி, மோதல் தாங்கும் அளவைக் காட்டும் ஐகே எண்ணுக்கு ‘மோதுகாப்பு எண்’ சரிவருமா என்றும் சொல்லுங்கள்.