டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) பாதியில் நின்றவரை எந்த ஸ்கேனுக்கு அனுப்புவது? (கோத்தகிரி)

கோத்தகிரி_சிஸ்டர்:
வயது 58, தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. ஏத்தத்தில் நடந்தா நெஞ்சில் அழுத்தம், நின்னா ரெண்டு மூணு நிமிஷத்தில் விட்டுடுது. மூணு மாசமா ஒரே அளவுதான், ஓய்வில் வந்ததில்லை. இசிஜி நார்மல். டிஎம்டியை முட்டிவலியால் ஆறு நிமிஷத்தில் நிறுத்திட்டாங்க. அதிகபட்ச துடிப்பு 118. ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’. சுகர் 12 வருஷமா, மெட்ஃபார்மின் ஓடுது. கிரியேட்டினின் (சிறுநீரக ரத்த டெஸ்ட்) 1.4. வீசிங்குக்கு டெரிஃபிலின் மாத்திரை, இன்ஹேலர். கோயம்புத்தூரில் டாக்டர் சிடி ஆஞ்சியோவோ (இதய ரத்தக்குழாயை சிடியில் படமெடுக்கிறது) தாலியமோ (இதயத் தசைக்கு ரத்தம் போறதைக் காட்டுற ஸ்கேன்) எடுக்கலாம்ங்கிறார். எது? அனுப்பும் முன் இங்கே எதைச் சரிபார்க்கணும்?

ஸ்கேன்_அறை:
முதல்ல அந்த ‘நெகட்டிவ்’வை நம்பாதீங்க சிஸ்டர். 220-ல் வயசைக் கழிச்சா 162, அதில் 85 சதவீதமாவது, அதாவது 138, தொட்டிருக்கணும். இவர் தொட்டது 73 சதவீதம். அப்படி நின்ன டிஎம்டிக்கு ‘முடிவு சொல்ல முடியாது’ன்னுதான் எழுதணும்.

என் ஓட்டு சிடிக்கு. தாலியம்னு சொன்னாலும் இப்போ பெரும்பாலும் ஏத்துற கதிரியக்க மருந்து டெக்னீஷியம்தான். முட்டி ஒத்துழைக்காததால் நடக்க விடாம, இதய ரத்தக்குழாயை விரிக்கிற அடினோசின் மருந்து கொடுத்து இதயத்தைச் சோதிக்கணும். வீசிங் உள்ளவருக்கு அது மூச்சுக்குழலை இறுக்கிடும். டெரிஃபிலின் வேற அடினோசினோட வேலையையே தடுக்கும், அடைப்பு இருந்தும் படம் நல்லா வந்துடும்.

சிடிக்குத் துடிப்பு 60 பக்கம் இருக்கணும். 75, 80-ல் எடுத்தா வலது கரோனரி (இதயத்தோட வலது ரத்தக்குழாய்) கலங்கலா விழும், அதை அடைப்புன்னு படிச்சிடுவாங்க. துடிப்பைக் குறைக்க வழக்கமா ஒரு மணி நேரம் முன்னாடி மெட்டோப்ரோலால் 50 அல்லது 100 மி.கி. இவருக்கு வீசிங் இருக்கிறதால் அதுக்குப் பதில் ஐவாபிராடின் பத்திக் கேளுங்க. அது மெதுவா வேலை செய்யும், முந்தின நாளே ஆரம்பிக்கிறது உண்டு. டெரிஃபிலின் துடிப்பை ஏத்தும், நிறுத்தலாமான்னு டாக்டர் சொல்லணும். தடுப்பு இன்ஹேலரை மட்டும் விடக் கூடாது. டீ, காபி 12 மணி நேரத்துக்கு வேண்டாம். நம்ம ஊர் ஆளை டீ இல்லாம மேட்டுப்பாளையம் வரை இறக்குறதுதான் இதில் கஷ்டமான வேலை!

கிரியேட்டினின் 1.4-க்கு இந்த வயசில் இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டுற அளவு) 58 கிட்ட வரும், சிடிக்கான சாய மருந்து ஏத்தத் தடையில்லை. மெட்ஃபார்மின் நிறுத்துறது 30-க்குக் கீழேதான் கட்டாயம். சில சென்டரில் எல்லாருக்குமே 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வாங்க, சொன்னா கேட்டுக்கலாம். சாப்பாடு நாலு மணி நேரம் வேண்டாம், தண்ணி தாராளமா.

ஸ்கேனுக்குச் சற்று முன் நாக்கடியில் நைட்ரேட் கொடுப்பாங்க. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள்ள, டடலாஃபில் 48-க்குள்ள எடுத்திருந்தா பிரஷர் விழுந்துடும். வெட்கப்பட்டு மறைப்பாங்க, தனியா கூப்பிட்டுக் கேளுங்க.

எக்கோ_மேசை:
சிடி சரிதான், ஆனா 12 வருஷ சுகர்னா ரத்தக்குழாயில் சுண்ணாம்பு நிறைய இருக்கலாம். சுண்ணாம்பு படத்தில் தன் அளவை விடப் பெருசா ஊதித் தெரியும். 40 சதவீத அடைப்பு 70 மாதிரி நிக்கும். அதனால மருந்து ஏத்தும் முன் கால்சியம் ஸ்கோர் (அந்தச் சுண்ணாம்பின் அளவு) எடுக்கச் சொல்லுங்க, அதே மேசையில் சில நிமிஷ வேலை. 400-க்கு மேல போனா மேலே தொடரணுமான்னு அங்கேயே டாக்டரைக் கேட்கலாம். அப்போ டோபுடமின் எக்கோ (மருந்தால் துடிப்பை ஏத்தி எடுக்கிற எக்கோ) நல்ல மாற்று. அதுக்கு முட்டியும் வேண்டாம், வீசிங்கும் தடையில்லை. ஸ்கோர் பூஜ்யம்னாலும் இந்த மாதிரி வலிக்கு அதோட நிறுத்தக் கூடாது. சுண்ணாம்பு படியாத கொழுப்பு அடைப்பு அதில் தெரியாது.

இன்னொண்ணு: சிடி குழாயின் அளவைச் சொல்லும், தசைக்கு ரத்தம் போதுமான அளவு போகுதான்னு சொல்லாது. அடைப்பு 50-69 சதவீதம்னு வந்தா எப்படியும் ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேவைப்படலாம். இடது மெயினில் (இடது பக்க முக்கிய ரத்தக்குழாய்) 50-க்கு மேல வந்தா நேரா குழாய் விட்டுப் பார்க்கிற ஆஞ்சியோகிராம்தான்.

கோத்தகிரி_சிஸ்டர்:
நன்றி. சிடி மருந்து ஏத்துறதுக்கான ஊசியை இங்கேயே கையில் போட்டு அனுப்பலாமா?

ஸ்கேன்_அறை:
வேண்டாம். விநாடிக்கு 5-6 மில்லி வேகத்தில் மருந்து போகும். முழங்கை மடிப்பில், முடிஞ்சா வலது கையில், 18 அல்லது 20 கேஜ் ஊசி வேணும். புறங்கையில் அதை விட மெல்லிய 22 போட்டிருந்தா மருந்து தோலுக்கடியில் கசிஞ்சு வீங்கும். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்து, தண்ணியும் குடிக்காம வந்தா நரம்பே கிடைக்காது. ஒரு மணி நேரம் முன்னாடியே இறங்கி உட்காரட்டும். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை போட்ட அன்னைக்கு அவர் வண்டி ஓட்டக் கூடாது.

நடுவில் வலி ஓய்வில் வந்தாலோ 15-20 நிமிஷம் நின்னாலோ இந்தத் திட்டமெல்லாம் ரத்து. உடனே இசிஜி, ட்ரோபோனின் (மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ரத்த டெஸ்ட்) இருக்கிற இடத்துக்குப் போகணும்.

எக்கோ_மேசை:
ஃபிலிமோட விட்டுடாம சிடி படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்கச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார்.