விண்டோஸ் 7ஐ அழிக்காம பக்கத்தில லினக்ஸ் போடேலுமா?

கல்முனை_கடை:
கோர் 2 டுவோ டெஸ்க்டொப், 2 ஜிபி ரெம், 250 ஜிபி ஹார்ட் டிஸ்க். 32-பிட் விண்டோஸ் 7 கிடக்கு. கடைக் கணக்கு அதிலதான் ஓடுது, அழிக்கேலாது. லினக்ஸ் எழுதின பென்ட்ரைவைக் குத்தினா பூட் மெனுவில (எதில இருந்து தொடங்கிறது எண்டு கேக்கிற பட்டியல்) காட்டுதே இல்ல.

வாவிக்கரை:
பழைய பயோஸில (கணினி தொடங்கேக்க முதல்ல ஓடுற மதர்போர்ட் மென்பொருள்) பென்ட்ரைவ் பல நேரம் தனியா வராது அண்ணன். ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள்ள போய்ப் பாருங்க, அங்க இருந்தா முதலாவதா ஏத்துங்க. பென்ட்ரைவில லினக்ஸ் எழுதிற ரூஃபஸ் மென்பொருளில எம்பிஆர் (பழைய டிஸ்க் பிரிப்பு முறை), பயோஸ் எண்டு தெரிவு செஞ்சு எழுதணும். ஜிபிடி (புதிய பிரிப்பு முறை) எண்டா பூட் ஆகாது. விண்டோஸ் 32-பிட் எண்டாலும் கோர் 2 டுவோ 64-பிட் லினக்ஸைத் தாங்கும். ஆனா 2 ஜிபி ரெமுக்கு க்னோம் எண்ட பாரமான டெஸ்க்டொப் திரை வேணாம், இலேசான எல்எக்ஸ்கியூடி போதும்.

களுவாஞ்சி_பிசி:
முதல்ல கணக்கு ஃபைல்களை வெளி டிஸ்கில கொப்பி எடுங்க. பிறகு விண்டோஸிட டிஸ்க் மெனேஜ்மென்டில சி டிரைவைச் சுருக்கி 30 ஜிபி விடுங்க. அதைப் பார்ட்டிஷன் ஆக்காம வெறுமனே விடணும். எம்பிஆரில பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பிரிவு) 4தான். ஏற்கனவே 4 இருந்து, அஞ்சாவது உண்டாக்கப் போனா "டைனமிக் டிஸ்க் ஆக்கவா?" எண்டு கேக்கும். ஓம் எண்டு அமத்தினா கதை முடிஞ்சுது, லினக்ஸ் இன்ஸ்டோலர் அதைத் தொடாது. சுருக்கிற நேரம் கரண்ட் போகக்கூடா, யூபிஎஸ் கட்டாயம்.

வாவிக்கரை:
க்ரப்பை (தொடங்கேக்க லினக்ஸா விண்டோஸா எண்டு கேக்கிற மெனு) ஹார்ட் டிஸ்கிலேயே போடுங்க. பென்ட்ரைவில விழுந்தா, அதைக் கழட்டினதும் லினக்ஸ் மெனு வராது. மெனுவில விண்டோஸ் இல்லாட்டி மற்ற ஓஎஸ்களைத் தேடுற ஓஎஸ்-ப்ரோபரை லினக்ஸில ஓன் பண்ணி, அப்டேட்-க்ரப் கட்டளை குடுங்க. விண்டோஸ் மணிக்கூடு அஞ்சரை மணித்தியாலம் பிந்தினா பழுதில்ல. லினக்ஸில ஹார்ட்வெயார் நேரத்தை (மதர்போர்ட் மணிக்கூடு) லோக்கல் நேரத்துக்கு மாத்துங்க. திகதியும் சேர்ந்து பழசுக்குப் போனா மதர்போர்டில இருக்கிற சிஆர்2032 பெட்டரி மாத்தணும்.