கியூப் பாஸ், ஆனால் பீமில் விரிசல்: இழுவிசை பற்றி அனுபவப் பகிர்வு

சைட் இன்ஜினியர்:
சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டியை (கியூப்) அமுக்கி உடைத்த ரிப்போர்ட், சதுர மி.மீ.-க்கு 27 நியூட்டன் என்று வந்திருக்கும். எம்20 கிரேடு கான்கிரீட்டுக்கு (20 நியூட்டன் தாங்க வேண்டியது) அது தாராளம். சென்ட்ரிங் பிரித்து, மேலே சுவரும் ஏறிய பிறகு பீமின் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் வீட்டுக்காரர் பதறிவிடுகிறார். கியூப் சொல்வது அமுக்க வலிமையை மட்டும்தான். இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐஎஸ் 456-இன்படி வளைவில் கான்கிரீட் தாங்கும் இழுவிசை, கிரேடு எண்ணின் வர்க்கமூலத்தை 0.7-ஆல் பெருக்கினால் வருவது. எம்20-க்கு 3.13, எம்25-க்கு 3.5. நேரடியாக இழுத்தால் இன்னும் குறைவு. அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

கணக்குப் போட்டே காட்டலாம். 230 × 450 மி.மீ. பீம், எம்20. கான்கிரீட் விரிசல் விடும் வளைவுத் திருப்பம் (சுமை பீமை வளைக்கும் விசையின் அளவு) சுமார் 24 கிலோநியூட்டன் மீட்டர். 5 மீட்டர் இடைவெளியில் இரு முனையும் சும்மா உட்கார்ந்த பீம் மேல் 3 மீட்டர் உயர ஒன்பது அங்குலச் சுவர் இருந்தால், பீமின் சொந்த எடையும் சேர்ந்து 51 வரும். விரிசல் விட்டே தீரும். அந்த இழுவையை வாங்கத்தான் அடிக்கம்பி. விரிசல் அகலம் சாதாரண இடங்களில் 0.3 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாங்கியின் (பீம் உட்காரும் தூண் அல்லது சுவரின்) அருகே சாய்வாக ஓடும் விரிசல் வேறு ரகம். உடனே முட்டு கொடுத்துவிட்டு டிசைனரைக் கூப்பிடுங்கள்.

சோதனைக்கூடத்தில் இருப்பவர்:
கியூபுக்கும், வளைத்து உடைத்துப் பார்க்க வார்க்கும் சின்ன பீம் மாதிரிக்கும் ஒரே கவனிப்பு போதும் என்று நினைப்பதுதான் பெரிய சிக்கல். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்த கியூப், ஈரக் கியூபை விடக் கூடுதலாகவே காட்டும். 150 × 150 × 700 பீமைக் காயவிட்டால் நேர் எதிர். மேல்பரப்பு சுருங்கி ஏற்கெனவே இழுவையில் நிற்பதால், எண் சரிந்துவிடும். ஈரச் சாக்கு சுற்றியே மெஷினுக்குக் கொண்டுபோங்கள்.

தாங்கி இடைவெளி 600 மி.மீ., சுமை மூன்றில் ஒரு பங்கு தூரங்களில் இரண்டு இடத்தில். வார்த்தபோது மேலே இருந்த முகத்தில் சுமை வைக்கக் கூடாது, பக்கவாட்டில் திருப்புங்கள். உடைந்த இடம் அருகிலுள்ள தாங்கியிலிருந்து 200 மி.மீ.-க்கு மேல் என்றால் வழக்கமான சூத்திரம். 170 முதல் 200 வரை என்றால் அந்தத் தூரத்தையே வைத்துக் கணக்கிடும் மாற்றுச் சூத்திரம். 170-க்கும் கீழ் போனால் அந்த முடிவையே தள்ளிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது.

கான்கிரீட் ரோடு வேலையில் இருப்பவர்:
எங்களுக்கு வளைவு வலிமைதான் உயிர். எம்40 ரோடுப் பலகைக்கு (ஸ்லாப்) 28 நாளில் 4.5 வேண்டும். குறைந்தால் 'சிமென்ட்டைக் கூட்டு' என்பார்கள். எம்40-ஐ எம்60 ஆக்கினாலும், அமுக்கம் 50 சதவீதம் ஏறும் இடத்தில் வளைவு வலிமை 22 சதவீதம்தான் ஏறும். முதலில் ஜல்லியைப் பாருங்கள். அமுக்கத்தில் நுண்விரிசல்கள் மூடிக்கொள்ளும், சுமை சுற்றிப் போகும். இழுவையில் ஜல்லிக்கும் சிமென்ட் பசைக்கும் இடையிலுள்ள ஒரே விரிசல் திறந்து ஓடிவிடும். அதனால் தூசி படிந்த ஜல்லி, கியூபை விடப் பீமையே அதிகம் கெடுக்கிறது. கழுவிய, கோணமாக உடைந்த ஜல்லி அதே கியூப் எண்ணுக்கு உருண்டைக் கல்லை விட நல்ல வளைவு வலிமை தரும்.

மறுபடி சைட் இன்ஜினியர்:
ரோடுக்காரர் சொன்னதோடு பால்கனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இழுவை மேல்பக்கம். 125 மி.மீ. தடிமன், 20 மி.மீ. கவர் (கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்), 10 மி.மீ. கம்பி என்றால் பயனுள்ள ஆழம் (அடிப்பரப்பிலிருந்து கம்பியின் மையம் வரை) 100 மி.மீ. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மேல்கம்பி 40 மி.மீ. இறங்கினால் மிஞ்சுவது 60. தாங்கும் திறனும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் விழும். கியூப் ரிப்போர்ட்டில் இது தெரியவே தெரியாது. மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் கம்பியாலான சேர்களை மீட்டருக்கு ஒன்றாவது வைத்துக் கட்டி, நடக்கப் பலகை போடுங்கள். கலவை கொட்டும்போதே சுவர் ஓரத்தில் ஒரு குச்சியை விட்டு, கம்பிக்கு மேல் எத்தனை மி.மீ. இருக்கிறது என்று அளந்துகொண்டே போங்கள்.