முகத்துக்கு ஊசி போட்ட ஆக்கள், கூடப் போன ஆக்கள் எல்லாரும் வாங்கோ, நடந்ததை உள்ளபடி சொல்லுங்கோ

கடல்காத்து, வெள்ளவத்தை:

என்ர மச்சாளுக்கு கலியாணம் வருது, அதுக்கு முதல் ரெண்டு புருவத்துக்கும் நடுவில விழுற கோட்டுக்கு, தசையைத் தளர்த்திற போடொக்ஸ் ஊசி போடவேணும் எண்டு நிண்டவா, நானும் கூடப் போனனான். அங்க பாத்ததை எழுதுறன், நீங்களும் உங்கட அனுபவத்தைப் போடுங்கோ, ஏனெண்டால் காலி வீதி முழுக்க இப்ப இதுக்கு போர்ட் தொங்குது, ஆனா போறதுக்கு முதல் என்ன கேக்கவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித்தாறேல்ல.

நாங்கள் போன டொக்டர் ஊசியைத் தொட முதல் கேள்விதான் கேட்டவர். பிள்ளை வயித்தில இருக்கோ, பால் குடுக்கிறீங்களோ, மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன வருத்தம் ஏதும் இருக்கோ, என்ன குளிசை எடுக்கிறீங்கள், முந்தி முகத்தில வேற ஏதும் போட்டதோ எண்டு ஒண்டும் விடேல்ல. மச்சாள் வெக்கப்பட்டாலும் நான் போத்தலைக் காட்டச் சொல்லிக் கேட்டனான். மனுசன் முகம் சுழிக்கேல்ல, பிரிட்ஜைத் திறந்து எடுத்து பேர், காலாவதித் திகதி, பெட்ச் நம்பர் எல்லாம் காட்டி, எங்கட கண்ணுக்கு முன்னாலயே சேலைன் விட்டுக் கரைச்சவர். அது தூளாத்தான் வரும், 2 பாகையில இருந்து 8 பாகைக்குள்ள குளிர்ல வைக்கவேணும். முதலே சிரிஞ்சில நிரப்பி ஆயத்தமா வைச்சிருந்தா உள்ளுக்க என்ன கிடக்கு, எவ்வளவு தண்ணி விட்டது எண்டு ஆருக்குத் தெரியும்?

விலை பாக்கிற ஆக்கள் இதையும் கவனியுங்கோ. அந்தப் புருவ நடுவுக்கு போடொக்ஸ் எண்டா 20 யூனிட், அதே வகையில டிஸ்போர்ட் எண்ட மற்ற மருந்து எண்டா 50 யூனிட். ரெண்டின்ர யூனிட்டும் ஒண்டில்ல, அதால யூனிட் கூடத் தாறம் எண்டு விளம்பரம் போட்டா லாபம் எண்டு நினைக்கவேண்டாம், எந்த மருந்து எண்டு முதல்ல கேளுங்கோ. கலியாணத்துக்கு முதல் கிழமை போடுறதும் சரிவராது, மூண்டு நாலு நாளில வேலை துவங்கினாலும் முழுசாத் தெரிய ரெண்டு கிழமை செல்லும், ஊசி குத்தின இடம் நீலமாக் கண்டிப்போனா அது மாறவும் நேரம் வேணும். பிறகு 3, 4 மாசத்தில குறைஞ்சு போகும்.

நிலா, கொட்டாஞ்சேனை:

அக்கா நீங்க கேட்டது போடொக்ஸ், நான் சொல்லப் போறது வெள்ளையாக்குற ஊசி பத்தி, ஏன்னா நம்ம பக்கம் கலியாணப் பொண்ணுங்களுக்கு அதுதான் கூட நடக்குது. எங்க அண்ணி ஒரு சலூன்ல ப்ரைடல் பேக்கேஜோட சேத்து குளுட்டத்தயோன் ட்ரிப் ஏத்திக்கிட்டாங்க, ஏத்துனது டொக்டர் இல்ல, மேக்கப் போடுற பிள்ளை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுக்கத் தொடங்கிருச்சு, அண்ணா தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. அங்க டொக்டர் கேட்ட முதல் கேள்வி என்ன ஏத்துனீங்கன்னு. எங்க யாருக்கும் தெரியல. சலூனுக்கு கோல் எடுத்தா "விட்டமின் தான்"ன்னு சொல்றாங்க, பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னா அதுல இருந்த எழுத்து சிங்களமும் இல்ல தமிழும் இல்ல இங்கிலீஷும் இல்ல. நல்ல வேளை அண்ணிக்கு குணமாயிருச்சு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன், தோலை வெள்ளையாக்குறதுக்குன்னு எந்த ஊசியையும் அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்.டி.ஏ. அனுமதிக்கவே இல்லையாம். நம்ம தோல் நிறம் ஒரு வருத்தமில்ல, அதுக்கு மருந்து ஏத்த. இதை நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கும் யாராவது சொல்லணும், பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு முதல்ல சொல்லணும்.

மஞ்சள்வெயில், தெஹிவளை:

நான் உதட்டைப் பருமனாக்க ஃபில்லர் எண்ட நிரப்பிற ஊசி போட்டனான், எனக்கு நல்லபடியாத்தான் முடிஞ்சது, அதையும் சொல்லத்தானே வேணும். எனக்கு இடைக்கிடை உதட்டோரம் கொப்புளம் வாறது, அதைச் சொன்ன உடன டொக்டர் அசைக்ளோவியர் குளிசை முன்கூட்டியே குடுத்தவர், இல்லாட்டி ஊசி குத்தின பிறகு அது கிளம்பி வருமாம். பல்லு புடுங்கிற வேலை, க்ளீனிங் எல்லாம் ரெண்டு கிழமை தள்ளி வையுங்கோ எண்டும் சொன்னவர். முதல் ரெண்டு நாள் உதடு நல்லா வீங்கும், பயப்பட வேண்டாம், நோவுக்கு பனடோல் போதும்.

நான் வடிவாக் கேட்டது ஒண்டு, இது பிடிக்காட்டியோ பிழைச்சாலோ கரைக்கலாமோ எண்டு. ஹையலூரோனிக் அசிட் ஃபில்லர் எண்டால் ஹையலூரோனிடேஸ் எண்ட மருந்தால கரைக்கலாம், மற்ற வகையளை அப்பிடிக் கரைக்கேலாது. சிலிக்கோன் திரவத்தை ஊசியால ஏத்திறம் எண்டு ஆராவது சொன்னா எழும்பி வந்திடுங்கோ. நான் கேட்ட உடன அவர் அந்தக் கரைக்கிற மருந்தை எடுத்து மேசையில வைச்சுக் காட்டினவர், எனக்கு நம்பிக்கை வந்ததே அதுக்குப் பிறகுதான்.

வார்டுக்காரி, கொழும்பு 10:

நான் நர்ஸ். மஞ்சள்வெயில் தங்கச்சி கேட்ட கேள்விதான் உயிரான கேள்வி, அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன்.

ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள்ள போனா அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. தோல் திடீரெண்டு வெளிறும், பிறகு வலை விரிச்ச மாதிரி நீலமும் ஊதாவுமாத் திட்டுத் திட்டா வரும், நோவு குறையாம கூடிக்கொண்டே போகும், விரலால அமத்தி விட்டா நிறம் திரும்ப வர நேரம் எடுக்கும். இது சாதாரண கண்டல் இல்ல. விடியப் பாப்பம் எண்டு படுத்திடாதீங்கோ, போட்ட டொக்டருக்கு அந்த நிமிசமே கோல் எடுங்கோ, அதுக்குத்தான் அவரிட்ட இரவு நம்பரும் வாங்கி வைக்கச் சொல்லுறது. ஃபில்லர் போட மூக்கும் புருவ நடுவும்தான் பெரிய ஆபத்து, அங்க ஓடுற குழாயளுக்கு கண்ணுக்குப் போற குழாயோட தொடர்பு இருக்கு. கண் மங்கினாலோ இருட்டினாலோ பார்வையே போயிடலாம், ஒவ்வொரு நிமிசமும் பெறுமதி, அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கோ, லிப்டன் சந்தியில கண் ஆஸ்பத்திரி இருக்கு. கரைக்கிற மருந்து கையில இல்லாத இடத்தில ஃபில்லர் போடவே கூடாது எண்டு நான் சொல்லுறது இதால.

ஆளைப் பற்றியும் பாருங்கோ. இலங்கை மருத்துவ சபையின்ர பதிவில அந்த டொக்டரின்ர பேர் இருக்கோ எண்டு ஒன்லைன்லயே தேடலாம். மருந்தைப் பதியிறது என்.எம்.ஆர்.ஏ. எண்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, அது 2015 சட்டத்தால வந்தது. 2023ல தரமில்லாத இம்யூனோகுளோபுலின் எண்ட ஊசி மருந்து அரச ஆஸ்பத்திரிக்குள்ளயே வந்த கதை எல்லாருக்கும் தெரியும், அப்பிடியிருக்க ஆரோ வெளிநாட்டில இருந்து பையில கொண்டுவந்த போத்தலை எப்பிடி நம்பிறது? போட்ட பிறகு பெட்ச் நம்பர் ஸ்டிக்கரை கேட்டு வாங்கி வையுங்கோ. நிலா, உங்கட அண்ணிக்கு நடந்ததில டொக்டர்மார் கைகட்டி நிண்டது அந்த ஒரு துண்டு இல்லாமத்தான்.

அலை, பம்பலப்பிட்டி:

எனக்கு போடொக்ஸ் போட்டு ஒரு பக்கக் கண் மடல் இறங்கினது. ஃபில்லர் மாதிரி இதைக் கரைக்க மருந்து இல்ல, தானா மாறும் வரைக்கும் பொறுக்கத்தான் வேணும், டொக்டர் சொட்டு மருந்து தந்தவர், சில கிழமையில சரியாப் போச்சு. இது சரியாப் போடுற ஆக்களிட்டயும் எப்பவாவது நடக்கிறது, அதை அவர் முதலே சொல்லியிருந்தபடியால நான் பயப்படேல்ல. போட்ட அண்டைக்கு முகத்தை தேய்க்காம, ஃபேஷியல் செய்யாம இருங்கோ, நாலு மணித்தியாலம் படுக்கவும் வேண்டாம்.

கடல்காத்து, வெள்ளவத்தை:

எல்லாருக்கும் நன்றி, மச்சாளுக்கு இதை அப்பிடியே அனுப்பிட்டன். வார்டுக்காரி அக்கா, மாமிக்கும் இப்ப கன்னத்துக்கு ஃபில்லர் ஆசை வந்திட்டுது, அவா இதய வருத்தத்துக்கு, ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவா. ஊசிக்கு முதல் ஒரு கிழமை அதை நிப்பாட்டினா கண்டாது எண்டு ஆரோ சொல்லியிருக்கினம், சரியோ?

வார்டுக்காரி, கொழும்பு 10:

ஐயோ தானா நிப்பாட்ட விடாதீங்கோ. ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். முகம் கண்டாம இருக்க அதை நிப்பாட்டிறது வேண்டவே வேண்டாம், முதல்ல மாமியைப் பாக்கிற இதய டொக்டரிட்டக் கேளுங்கோ, அவர் வேண்டாம் எண்டா ஃபில்லரை விடுங்கோ.