அந்த ரொக் பாடகர் மேடையை விட்டு இறங்கினால் எப்படிப்பட்டவர்? நேரில் பழகியவர்கள் எழுதுங்கள்

மாளிகாவத்தை சவுண்ட்

பெயர் எழுதவில்லை. யாரென்று கொழும்பில் தெரியாதவர் இல்லை. விகாரமகாதேவி பூங்கா திறந்தவெளி அரங்கில் அவர் பாடிய அன்று மிக்ஸர் பக்கம் நின்ற பையன்களில் நானும் ஒருவன். நிகழ்ச்சியைப் பற்றி எழுத வரவில்லை, மழை தூறியும் சனம் எழும்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது சவுண்ட் செக் முடிந்ததும் வந்த சாப்பாட்டைப் பற்றி.

ஏற்பாட்டாளர் அவருக்கு ஹோட்டல் சாப்பாடு தனியாக வைத்திருந்தார். எங்களுக்கு ஒரு சஹன், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டுச் சோறு. மேடைக்குப் பின்னால் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்தோம். அவர் எட்டிப் பார்த்து, "ஆறாவது ஆள் இல்லையா?" என்று கேட்டார்; சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கையை முழங்கை மட்டும் மடித்துக்கொண்டு, கோடு கீறி வைத்ததுபோல் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டார். எனக்கு எதிரே எலும்புதான் வந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்து முட்டையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார். மஞ்சள் கரு இருந்த பாதி.

பிறகு, பேசிய காசு வரவில்லை. ஏற்பாட்டாளரைக் கேட்டால், "மொத்தமாகப் பாடகரிடம் கொடுத்துவிட்டேன், அவரைக் கேள்" என்றார். சில வாரம் பொறுத்துவிட்டு அழைத்தேன். பெயரைச் சொன்னேன், பூங்காவைச் சொன்னேன், வெட்கத்தை விட்டுச் சஹனையும் சொன்னேன். "எந்தச் சஹன்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்த முட்டையைப் பிய்த்த மனிதர் எங்கே போனார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனை வாசி

வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? எங்கள் தெரு சலூனில் அவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. என் மகன் ஆசையில் கைபேசியை எடுத்தான். கண்ணாடியில் பார்த்தபடியே, "வேண்டாம் தம்பி. முகம் துடைத்த பிறகும் வேண்டாம்" என்றார். மகனுக்குப் பத்து வயது. மேடையில் மூன்று மொழியிலும் "என் பிள்ளைகளே" என்று கத்துகிற ஆள் இவர். அதன்பிறகு அவர் பாட்டு வானொலியில் வந்தால் என் வீட்டில் நிறுத்திவிடுவோம்.

ஐந்துலாம்புச் சந்தி

கொட்டாஞ்சேனை நண்பர் கொஞ்சம் யோசித்துப் பேசவேண்டும். முகமெல்லாம் நுரையோடு இருக்கும்போது உங்களை ஒருவன் படம் எடுத்தால் விடுவீர்களா? நான் அவரைப் பார்த்தது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை. சன நெரிசலில் கடைசித் தூணோரம் நின்றார். ஒரு பையன் பக்கத்தில் போய்க் கைபேசியைத் தூக்கினான். அவர் உதட்டில் விரலை வைத்து வாசலைக் காட்டினார். நான் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்தபோது இருவரும் வெயிலில் நின்றார்கள். பையனின் கைபேசி அணைந்துவிட்டது. அது திரும்ப உயிர் பெறும்வரை மனிதர் நின்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இனிக் காசு விஷயம். சவுண்ட் தம்பி, நானும் கல்யாண வீடுகளுக்கு மின்விளக்குப் போடுகிறவன், ஆகவே சொல்கிறேன், கேள். வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதே. பாதிக் காசு கையில் வராமல் ஒரு பெட்டியையும் லொறியில் ஏற்றாதே. காசு தரப்போவது யார் என்பதை முதலிலேயே கேட்டு, அந்த ஆளின் வாயாலேயே ஒரு வட்ஸ்அப் செய்தி வாங்கிவை. தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மழை வந்து நிகழ்ச்சி நின்றால் என்ன கணக்கு, ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது, இரவு திரும்பிப் போக வண்டி உண்டா, எல்லாவற்றையும் எழுது. காசோலை தந்தால் திகதியைப் பார். அடுத்த மாதத் திகதி போட்ட காசோலை வெறும் காகிதம். மீதிக் காசைக் கடைசி மைக்கைக் கழற்றுவதற்கு முன்பே கேள். சாமான்களை ஏற்றி முடித்துவிட்டால் பிறகு உன்னைத் தேட யாருக்கும் தேவை இல்லை. அப்படியும் தராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போ. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைத்த சபை அது. அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச முடியாது, அதுவே நமக்கு நல்லது. எதிராளிக்கு அழைப்புப் போகும், இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். பெரிய பாடகர் அங்கே வாங்கில் வந்து உட்கார விரும்புவாரா? அழைப்புப் போன உடனேயே காசு வந்துவிடும்.

மாளிகாவத்தை சவுண்ட்

அண்ணா, நன்றி. நான் சட்டம் கேட்கவில்லை. மனிதர் எப்படிப்பட்டவர் என்றுதான் கேட்கிறேன்.

பழைய கோட்டை

1982இல் டுரான் டுரான் என்ற ஆங்கிலேயப் பாட்டுக் குழு இலங்கைக்கு வந்து மூன்று பாட்டுகளுக்கு வீடியோ எடுத்தது பலருக்கு மறந்துவிட்டது. காலி, சீகிரியா, பொலன்னறுவை என்று போனார்கள். கொழும்பில் கோட்டை சதாம் வீதியில் பகோடா டீ ரூமிலும் எடுத்தார்கள். வீடியோவில் அந்தக் குழுவின் பாடகர் சைமன் லெ பொன் மேசையைக் கவிழ்க்கிற காட்சி அங்கே எடுத்ததுதான். நான் அப்போது பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் குமாஸ்தா. படப்பிடிப்பைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மதிய இடைவேளையில் தேநீர் குடிக்கப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்த பரிசாரகரிடம், "ஆள் எப்படி?" என்று ஆவலோடு கேட்டேன். அவர் துணியால் துடைத்துக்கொண்டே, "மேசை எங்களுடையது, ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நீங்கள் சொல்கிற பாடகரை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பாடகரின் ரசிகர்களிடம் கேட்டுப் பயனில்லை என்பது என் எண்ணம்.

ஹம்டன் ஒழுங்கை

ரசிகரிடம் வேண்டாம் என்றால் என்னிடம் கேளுங்கள். அவர் வீட்டில் சமைத்தவர் என் அம்மா.

அம்மா அவரைக் குறை சொன்னதில்லை. உப்புக் கூடினால் ஏசமாட்டார், சாப்பிடாமல் எழும்பிவிடுவார், அது ஏச்சைவிட மோசம் என்பார், அவ்வளவுதான். சம்பளம் ஒருநாளும் பிந்தியதில்லை. தீபாவளிக்குச் சேலை. அம்மாவுக்கு அவர் "தம்பி", அவருக்கு அம்மா "அக்கா".

அம்மா இறந்தபோது செய்தி சொன்னேன். முதல் ஆளாக வந்தார். ஒழுங்கை முகப்பில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தோம், அம்மாவின் படம் இன்னும் கிடைக்காததால் பெயர் மட்டும் போட்டு. அதன் முன்னால் நின்று முழுவதும் வாசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, மெதுவாக, "இது யார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்று பொரளைக் கனத்தை மயானம்வரை வந்தார், பெட்டிக்குத் தோள் கொடுத்தார், செலவில் பெரும்பகுதியை அண்ணாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். இவரை நல்லவர் என்பதா, இல்லையா? நான் வருடக்கணக்காக இரண்டு பக்கமும் வாதாடிப் பார்க்கிறேன்.

குயீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியைப் பற்றி வாசிக்கும்போது இதுதான் நினைவுக்கு வரும். சன்சிபாரில் 1946இல் பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் பல்சாரா என்று பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் படித்தவர். 1985 ஜூலை 13ஆம் திகதி லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேரை ஒரே தாளத்தில் கைதட்ட வைத்தவர், அறியாதவர்கள் நடுவில் கூச்சப்பட்டு ஒதுங்குவாராம். 1991 நவம்பரில் இறந்தார். உயிலில் சமையல்காரருக்கும் உதவியாளருக்கும் தலா 5 லட்சம் பவுண், சாரதிக்கு 1 லட்சம் பவுண். எனக்குத் தொகை பெரிதல்ல. உயிலில் ஒருவரை எழுதவேண்டுமானால் அவருடைய முழுப் பெயரும் தெரிந்திருக்கவேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசி

அம்மாவுக்கு என் அஞ்சலி. ஆனால் உயில் கதை எனக்குச் சரிப்படவில்லை. தான் போன பிறகு கொடுப்பது சுலபம், அப்போது அந்தக் காசு தனக்கு எதற்கு? உயிரோடு இருக்கும்போது வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டியதை வெள்ளிக்கிழமை கொடுத்தாரா என்று பாருங்கள்.

ஹம்டன் ஒழுங்கை

எங்கள் ஆள் கொடுத்தார் என்றுதானே எழுதியிருக்கிறேன். சம்பளம் ஒருநாளும் பிந்தவில்லை. வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

தெஹிவளை

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவேண்டும். 2022, பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வருவதற்கு முந்திய காலம். வெள்ளவத்தையில் பெற்றோல் வரிசை. அப்பாவின் ஓட்டோவுக்குச் சோறு கொண்டுபோனேன். பின்னால் நின்ற கார் அவருடையது. யாரோ ஒருவர், "ஒரு பாட்டு எடுத்துவிடுங்கள், பொழுது போகும்" என்று கேட்க, "நானும் பெற்றோலுக்குத்தான் வந்திருக்கிறேன்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வரிசையில் நல்ல பேச்சு விழுந்தது அவருக்கு, இங்கே எழுத முடியாது.

இரவு பெற்றோல் பவுசர் வந்து வரிசை அசைந்தது. எண்ணெயை மிச்சம் பிடிக்க எல்லாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். அப்பாவுக்கு முதுகுவலி. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஓட்டோவின் பின்பக்கத்தில் இரண்டு கை. அவர்தான். வியர்த்து ஊற்றியது. நிலையம்வரை தள்ளினார், தன் காருக்குத் திரும்பி ஓடினார், அதையும் தள்ளினார், திரும்ப எங்களுடையதற்கு வந்தார். அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அப்பா மட்டும் சிரித்தார். "நம்முடையது நகர்ந்தால்தானே பிள்ளை அவருடையது நகரும்" என்றார். அப்பா சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் அதே கணக்குத் தெரிந்த வேறு யாரும் முன்னால் நின்ற வண்டியில் கை வைக்கவில்லை.

பம்பலப்பிட்டி பேஸ்

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அவரோடு சில காலம் பேஸ் கிட்டார் வாசித்தேன், இப்போது இல்லை.

மேடையில் வாசித்தவர்களின் காசில் அவர் ஒரு சதம் வைத்ததில்லை. நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறியதும் உள் விளக்கைப் போட்டு, கடித உறையைப் பிரித்து, விரலை நனைத்து எண்ணிக் கொடுப்பார். ஒருமுறை என் பேஸ் நரம்பு அறுந்துபோனது. பேசியதற்கு மேல் வைத்து, "நரம்புக்கு" என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் வாசிக்காதவர்கள் அவருடைய கணக்கில் வரமாட்டார்கள். சவுண்ட், லைட், வேன் எல்லாம் ஏற்பாட்டாளரின் பாடு என்று நினைப்பார். ஏற்பாட்டாளர் மொத்தமாகக் கொடுத்திருந்தாலும் அப்படியே நினைப்பார். இது களவா, கவனக்குறைவா என்று நாங்கள் குழுவுக்குள் சண்டை பிடித்திருக்கிறோம். எனக்குக் கவனக்குறைவு என்றே படுகிறது, அதனால் பையனுக்குச் சோறு கிடைக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

அதே வேனில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாருக்கும் கொடுத்து முடிந்ததும் சாரதி தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, எனக்கு?" என்றார். "உனக்கு வேன் முதலாளி தருவார்." "முதலாளி, நீங்கள் தருவீர்கள் என்றார் ஐயா." இவர் உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். இறங்கும்போது நான் என்னுடையதில் இரண்டாயிரம் ரூபாயைச் சாரதியின் கையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் அழைத்து, "நீ யார் கொடுக்க? இனி எல்லாச் சாரதியும் கேட்பான்" என்று காது கொதிக்க ஏசினார். ஏசி முடித்து அரை மணித்தியாலம் இருக்காது, என் வங்கிக் கணக்குக்கு இரண்டாயிரம் ரூபாய் வந்து விழுந்தது. சாரதிக்கு அல்ல. எனக்கு.

சவுண்ட் தம்பி, உன் தொகை எவ்வளவு என்று எனக்குத் தனியாக அனுப்பு. அவரை இந்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் சந்திக்கிறேன், கேட்டுப் பார்க்கிறேன். தருவார் என்று சொல்லவில்லை.

ஐந்துலாம்புச் சந்தி

கல்யாண வீட்டில் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.