வரவேற்புத் திரையில் ஏழு நிமிடம்

கதிர், காலை 8.42
அக்கா, வேலைக்குக் கிளம்பிவிட்டாயா? எங்கள் அலுவலகத்தில் மூன்று கணினிகள் மட்டும் திறப்பதற்கு ஏழு நிமிடம் எடுக்கின்றன. கடவுச்சொல் அடித்ததும் வரவேற்புத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மற்றவை அரை நிமிடத்தில் திறந்துவிடுகின்றன.

சித்தப்பா, 8.44
பழைய கணினியாக இருக்கும் கதிர்.

கதிர், 8.45
மூன்றும் புத்தம் புதியவை சித்தப்பா. அதுதான் வயிறு எரிகிறது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்கிறார்கள்.

செல்வி, 8.51
எதையும் அழிக்காதே! முதலில் டிஎன்எஸ் முகவரியைப் பார், கணினி சர்வரைப் பெயர் சொல்லித் தேடுவது அங்கே கேட்டுத்தான். உங்கள் சர்வரின் முகவரிதான் இருக்க வேண்டும். வெளி முகவரி இருந்தால் கணினி சர்வரைத் தேடித் தவிக்கும். கடிகாரமும் சர்வரோடு ஒத்துப்போகிறதா பார், 5 நிமிடத்துக்கு மேல் விலகக்கூடாது.

கதிர், 9.03
இரண்டும் சரி. பிங் செய்தேன், அதாவது சர்வருக்குச் சின்னச் செய்திகள் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறாமல் பதில் வந்தது. அதனால் நெட்வொர்க்கில் குறை இல்லை என்கிறார்கள்.

செல்வி, 9.05
விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட். அது எப்படியும் போய்ச் சேரும். கடவுச்சொல் அடித்ததும் உங்கள் டெஸ்க்டாப் கோப்புகள் எல்லாம் சர்வரிலிருந்துதானே இறங்குகின்றன? சர்வரிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்.

கதிர், 9.14
ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பக்கத்துக் கணினியில் அதே கோப்பு நொடியில் முடிந்தது.

செல்வி, 9.15
டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், அட்வான்ஸ்டு. அங்கே ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் என்ன காட்டுகிறது? டூப்ளெக்ஸ் என்றால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா (ஃபுல்), மாறி மாறித்தானா (ஹாஃப்) என்பது.

கதிர், 9.19
100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ். பக்கத்துக் கணினியில் ஆட்டோ நெகோஷியேஷன். அக்கா, இது நான் செய்ததுதான். பழைய அமைப்புத் தாளில் அப்படி எழுதியிருந்தது, அப்படியே போட்டுவிட்டேன்.

செல்வி, 9.27
அகப்பட்டுவிட்டது. ஆட்டோ நெகோஷியேஷன் என்றால் கணினியும், கம்பிகளை இணைக்கும் பெட்டியான சுவிட்சும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாங்களே பேசி முடிவுசெய்வது. நீ கையால் நிர்ணயித்ததும் கணினி சுவிட்சோடு அப்படிப் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டது. ஆட்டோவில் இருக்கும் சுவிட்ச், வேகம் 100 என்பதை மட்டும் கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை, ஆகவே ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். உன் கணினி நினைத்தபோதெல்லாம் அனுப்புகிறது. சுவிட்சோ ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று நம்பி, அதை மோதலாக எண்ணிப் பாதியில் நிறுத்துகிறது. துண்டுபட்டதை மறுபடி அனுப்ப வேண்டும். பிங் போன்ற சின்னப் பொட்டலம் தப்பிவிடும், பெரிய கோப்புதான் மாட்டிக்கொள்ளும்.

அந்தத் தாள் எழுதிய காலத்தில் அதற்குக் காரணம் இருந்திருக்கும். ஆட்டோ நெகோஷியேஷன் 1995-இல் தரநிலையானபோது எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இன்று செப்புக் கம்பியில் கிகாபிட் வேகம் வேண்டுமென்றால் அது கட்டாயம். மூன்றையும் ஆட்டோவுக்கு மாற்று.

கதிர், 9.41
28 விநாடி!! அக்கா, 28 விநாடி! கணக்குப் பிரிவு அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு வாரமாகப் பொறுத்துக்கொண்டவர்.

சித்தப்பா, 9.43
செல்வி, எங்கள் வீட்டுக் கணினியும் இதனால்தான் இழுக்கிறதா?

செல்வி, 9.44
உங்களுடையது வைஃபை சித்தப்பா, அதில் இந்தச் சிக்கலே வராது. மாலையில் அழைக்கிறேன், சேர்ந்து பார்ப்போம். கதிர், அந்தத் தாளில் அந்த வரியை இன்றே நீக்கிவிடு.

கதிர், 9.46
நீக்கிவிட்டேன். மூன்றாவது கணினிக்குப் போகிறேன்.