பட்டா நிலத்தில் கல் குவாரி மனு: கிராம சபைத் தீர்மானம் போட்டால் நிற்குமா? (கே.வி.குப்பம் தாலுகா)

மேட்டுக்கொல்லை (கேள்வி)

வணக்கம். எங்களுடையது கே.வி.குப்பம் தாலுகாவில் ஒரு சின்ன ஊர். கிழக்கே கல்லாங்குத்து, அதை ஒட்டினாற்போல் ஏழு ஏக்கர் பட்டா நிலம். போன மாதம் நாலு பேர் ஜிபிஎஸ் கருவியோடு வந்து, பாறையில் மூலைக்கு மூலை வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். தலையாரியைக் கேட்டால், சாதாக்கல் குவாரிக்கு மனு ஆகியிருக்கிறது, 2.80 ஹெக்டேர், ஐந்து வருடத்துக்கு என்கிறார். பட்டாதாரர் ஊரில் இல்லை, சென்னையோடு போய்விட்டவர்.

பாறைக்கு மேற்கே எங்கள் காலனி, முப்பது முப்பத்தைந்து வீடு. செல்போன் வரைபடத்தில் அளந்தால் கடைசி வீட்டுக்கும் பெயின்ட் அடித்த மூலைக்கும் 270, 280 மீட்டர்தான் வருகிறது. வடக்கே கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்ட நாலு குடும்பம் இன்னும் கிட்டே.

ஊராட்சித் தலைவர், "அக்டோபர் 2 கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிடலாம், அதோடு முடிந்தது" என்கிறார். ஊராட்சி செயலரோ, "தீர்மானத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்" என்கிறார். யார் சொல்வது சரி? இந்த மனுவை யார் யார் பார்க்கிறார்கள், நாங்கள் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும்?

பாலாத்தங்கரை

தலைவர் சொல்வதுதான் சரி. ஒடிசாவில் நியமகிரி மலையில் 12 கிராம சபை கூடி வேண்டாம் என்றது, பாக்சைட் சுரங்கமே நின்றுபோனது. உச்ச நீதிமன்றமே கிராம சபை முடிவு செய்யட்டும் என்று சொன்ன விஷயம். தைரியமாகப் போடுங்கள்.

பழைய தாலுகா ஆபீஸ்

பாலாத்தங்கரை தம்பி, நியமகிரியை நம் ஊர் குவாரிக்குப் பொருத்த முடியாது. அது காட்டு நிலம், பழங்குடி மக்களின் வன உரிமை. 2013 ஏப்ரலில் வந்த அந்தத் தீர்ப்பு 2006 வன உரிமைச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. அந்தப் பகுதி, பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வருகிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. வாட்ஸாப்பில் யாரோ இதைச் சுற்றவிட, ஊர் ஊராக நம்பி ஏமாறுகிறார்கள்.

கேட்டவருக்கு: செயலர் சொல்வது முக்கால்வாசி சரி. சாதாக்கல் என்பது சிறு கனிமம். 1959ஆம் வருடத்துத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள்தான் இதற்குப் பாட்டன். பட்டா நிலத்தில் கல் எடுக்க அனுமதி கொடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு. ஊராட்சிக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. ஜல்லி உடைக்கும் கிரஷர் வைப்பது வேறு. அங்கே இயந்திரம் நிறுவ ஊராட்சி அனுமதி தேவை, அந்தப் பிடி தலைவர் கையில் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மனு போகும் வழி இதுதான். ஆட்சியர் பெயருக்கு வரும் மனு, கனிமவளத் துறை உதவி இயக்குநரிடம், நாம் சொல்கிற ஏ.டி. மைன்ஸிடம், போகும். அங்கிருந்து உங்கள் பகுதிக்குக் குடியாத்தம் ஆர்.டி.ஓ., அவரிடமிருந்து தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று இறங்கும். காடு பக்கத்தில் இருந்தால் வனத்துறையிடமும் கேட்பார்கள். இறங்கிய ஃபைல் அறிக்கைகளோடு மறுபடி ஏறும். ஏ.டி. இடத்தைப் பார்ப்பார். எல்லாம் ஒத்துவந்தால் எந்த சர்வே எண்ணில் எவ்வளவு பரப்பு, எந்தெந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று மனுதாரருக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். 'பிரிசைஸ் ஏரியா லெட்டர்' என்பார்கள். அப்புறம் சுரங்கத் திட்டம், சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் அனுமதி, அதன் பிறகுதான் ஆட்சியரின் குத்தகை உத்தரவு. கடைசியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. உங்கள் ஊரில் பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்பதால் அனுமதி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நிறைய பேர் கோட்டை விடுவது வி.ஏ.ஓ. கட்டத்தில். 300 மீட்டர் சுற்றளவில் குடியிருப்பு, மனைப்பிரிவு, கோயில், பள்ளிக்கூடம், நினைவுச்சின்னம் ஏதாவது உண்டா என்று ஒரு சான்று அவர்தான் எழுதுகிறார். ஒரே ஒரு பக்கம். மேலே போகிற அத்தனை பேரும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். 'எதுவும் இல்லை' என்று எழுதிப் போய்விட்டால், பிறகு ஊரே திரண்டு வந்தாலும் அந்த வரியை அழிக்கப் பெரும்பாடு படவேண்டும்.

மேட்டுக்கொல்லை

ரொம்ப நன்றி ஐயா. அப்படியென்றால் 280 மீட்டர் என்பதே போதுமா? அதைக் காட்டினாலே தள்ளுபடி ஆகிவிடுமா?

சங்கிலிக்காரன்

நான் தனியார் சர்வேயர், காட்பாடி பக்கம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலில் அளவு. செல்போன் வரைபடம் உங்கள் மனசாந்திக்குச் சரி, ஃபைலுக்கு ஆகாது. புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (நிலத்தின் வகை, பரப்பு எழுதிய வருவாய்க் கணக்கு) நகல் எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். மனு செய்த சர்வே எண்ணின் எல்லைக்கல்லிலிருந்து உங்கள் காலனி நத்தத்தின் எல்லை வரை எத்தனை மீட்டர் என்று படத்தில் போட்டுக் காட்டுங்கள். பள்ளம் தோண்டப்போகிற நடுவிடத்திலிருந்து அளந்து 'தாண்டிவிட்டது' என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, குடியிருப்பு என்றால் எது என்று விதியே விளக்கம் வைத்திருக்கிறது. வருவாய்க் கணக்கில் நத்தம், வீட்டுமனை என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளாட்சியோ நகரமைப்புத் துறையோ ஒப்புதல் கொடுத்த மனையாக இருக்க வேண்டும். உங்கள் காலனிக்கு மனைப்பட்டா இருந்தால் கவலையே இல்லை. கொல்லையில் கட்டிய நாலு வீடுதான் சிக்கல். நிலம் இன்னும் புன்செய் என்றே கணக்கில் இருக்கும், வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம். அவர்களில் யாராவது ஊராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கியிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், தங்கம் மாதிரி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 280 மீட்டர் என்று நிரூபித்தால் மனு செத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் மேற்கு ஓரத்தில் 20, 30 மீட்டரை வெட்டிவிட்டு மீதிக்குக் கொடுப்பார்கள். இது போக, பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர், அரசு நிலத்துக்கு 10 மீட்டர், பெரிய ரோடு, கால்வாய், உயர் மின்கம்பிக்கு 50 மீட்டர் என்று விட வேண்டியது இருக்கிறது. எல்லாம் கழித்தால் தோண்ட எவ்வளவு மிஞ்சும் என்று படத்தில் போட்டுப் பாருங்கள். சில நிலத்தில் மிஞ்சுவதைப் பார்த்து மனுதாரரே கைவிட்டுவிடுவார்.

டிப்பர் ஓட்டுகிறேன்

எல்லாரும் வேண்டாம் என்றே பேசுகிறீர்கள். காலனி வீடு கட்ட ஜல்லி எங்கிருந்து வரும்? நானும் இந்தத் தாலுகாதான், குவாரி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், வந்தால் எப்படி ஓட வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். வண்டி எந்த வழியாகப் போகும், ஊருக்குள் இருக்கிற சின்னக் கல்வெர்ட் தாங்குமா, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஓடலாமா, தார்ப்பாய் போடுகிறார்களா, வெடி எத்தனை மணிக்கு? இதையெல்லாம் அனுமதியில் நிபந்தனையாக ஏற்ற முடியும். பிறகு மீறினால் கேட்க ஒரு பிடி இருக்கும்.

மேட்டுக்கொல்லை

அண்ணா, நீங்கள் சொல்வதும் நியாயம்தான். எங்கள் பையன்களும் இரண்டு பேர் வண்டிக்குப் போகிறார்கள். ஊரில் ஒரே குரலாக இல்லை என்பது உண்மை.

இன்னொரு விஷயம் விட்டுப்போயிற்று. பாறைக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு குவாரி ஓடுகிறது, 1.90 ஹெக்டேர் என்று போர்டில் போட்டிருக்கிறது. தெற்கே ஒரு பழைய குழி, தண்ணீர் கட்டி நிற்கிறது. அது 1.20 ஹெக்டேர் என்கிறார்கள். எல்லாம் அரை கிலோமீட்டருக்குள். இதனால் ஏதாவது மாறுமா?

பழைய தாலுகா ஆபீஸ்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்கள் கேஸே இங்கேதான் இருக்கிறது.

2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. பெரிய இடத்தைத் துண்டு துண்டாக்கி மனு போடுவதைப் பிடிக்க, 2016 ஜனவரியில் தொகுப்பு முறை வந்தது. மனு செய்த இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் இருக்கும் அதே வகைக் குவாரிகளின் பரப்பைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவை. 2018 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் இதை இன்னும் இறுக்கியது.

இப்போது கணக்குப் போடுங்கள். 2.80ம் 1.90ம் சேர்த்தால் 4.70. கூட்டம் தேவையில்லை. பழைய குழியின் 1.20ஐச் சேர்த்தால் 5.90, கூட்டம் நடத்தியாக வேண்டும். மூன்று வருடமோ அதற்கு மேலோ ஓடாமல் கிடக்கும் குத்தகையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2016 ஜனவரி 15க்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியதும் கணக்கில் வராது. ஆக, அந்தக் குழி எப்போது நின்றது, ஓடுகிற குவாரிக்கு எப்போது அனுமதி கிடைத்தது, இந்த இரண்டு தேதிதான் உங்களுக்கு எல்லாமே.

500 மீட்டருக்குள் என்னென்ன குவாரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஏ.டி. ஒரு கடிதம் கொடுப்பார். அது சுற்றுச்சூழல் அனுமதி மனுவோடு போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் அந்தக் கடிதத்தின் நகல், வி.ஏ.ஓ.வின் 300 மீட்டர் சான்று, பிரிசைஸ் ஏரியா லெட்டர் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'குவாரி சம்பந்தமான எல்லாத் தகவலும்' என்று கேட்டால் மொட்டைப் பதில்தான் வரும். மனு சென்னைக்குப் போன பிறகு, சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் தாள்களைப் பார்க்கலாம்.

பாலாத்தங்கரை

நியமகிரி விஷயத்தைத் தெளிவாக்கியதற்கு நன்றி ஐயா. ஒரு சந்தேகம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், பெரும்பான்மை வேண்டாம் என்றால் நின்றுவிடுமா?

பழைய தாலுகா ஆபீஸ்

நிற்காது. அது ஓட்டெடுப்பு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், ஆட்சியரோ அவர் அனுப்புகிற அதிகாரியோ தலைமை. குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பேசுவது முழுக்க வீடியோவில் பதிவாகும், எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் மனுதாரர் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் 'எங்கள் வாழ்வாதாரம் போச்சு' என்று பத்து பேர் கத்துவதைவிட, 'அறிக்கையில் எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் காட்டப்படவில்லை, இதோ புலப்படம்' என்று ஒருவர் சொல்வது பலம். தீங்கு வராது என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்த வருகிறவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதே நம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். மைக் பிடிக்கிறவர்கள் அதையும் சொல்லலாம்.

மேட்டுக்கொல்லை

பழைய குழியில் இரண்டு வருடம் முன்புவரை வண்டி ஓடியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவரும் இருக்கிறார். தகவல் உரிமை மனு இந்த வாரமே போடுகிறேன். கிராம சபையில் என்ன எழுதச் சொல்வது? 'குவாரி வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை என்று புரிகிறது.

பழைய தாலுகா ஆபீஸ்

இந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்:

"மேற்படி சர்வே எண்ணில் சாதாக்கல் குவாரி அனுமதி கோரிய மனு தொடர்பாக: அதன் மேற்கு எல்லையிலிருந்து 300 மீட்டருக்குள் மனைப்பட்டா வழங்கப்பட்ட குடியிருப்பு அமைந்துள்ளது என்பதை இக்கிராம சபை பதிவு செய்கிறது. 500 மீட்டருக்குள் இயங்கும் குவாரியும், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் இயங்கிய குவாரியும் உள்ளதால், மொத்தப் பரப்பைக் கணக்கிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் எனக் கோருகிறது. இரு தூரங்களையும் நில அளவர் மூலம் ஊர் மக்கள் முன்னிலையில் அளக்க வேண்டும் எனத் தீர்மானிக்கிறது."

வேண்டாம் என்ற வார்த்தையே இல்லாததால் டிப்பர் தம்பியும் கையெழுத்துப் போடலாம்.

கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, பாருங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000 என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். தீர்மான எண், தேதி, முத்திரையோடு நகல் வாங்கி ஆட்சியர், ஏ.டி., ஆர்.டி.ஓ., தாசில்தார், மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் எல்லாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் 300 மீட்டருக்குள் குடியிருப்பு உண்டு என்று வி.ஏ.ஓ.விடம் கொடுக்க வேண்டிய மனுவுக்கு அக்டோபர் 2 வரை காத்திருக்க வேண்டாம். காலனி மனைப்பட்டா நகல்களை இணைத்து நாளைக்கே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சங்கிலிக்காரன்

கூடவே இன்னொன்று. காலனி வீடுகளின் சுவர், தளம் எல்லாவற்றையும் தேதி விழுகிற மாதிரி இப்போதே படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு வெடியில் விரிசல் விட்டது என்றால், 'அது பழைய விரிசல்' என்பதுதான் முதல் பதிலாக வரும். அனுமதி கிடைத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை. அனுமதியின் நகல் ஊராட்சிக்கும் வரும், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். செயலரிடம் சொல்லி வையுங்கள், வந்த அன்றைக்கே உங்களுக்குத் தகவல் தெரிய வேண்டும்.

மேட்டுக்கொல்லை

சரி. காலையில் வி.ஏ.ஓ.வைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொல்லை வீட்டுக்காரர்களில் ஒருவர் பேங்க் லோனுக்காக பிளான் அப்ரூவல் வாங்கியிருக்கிறாராம், தாள் மருமகள் வீட்டில் இருக்கிறதாம். அதையும் வரவழைக்கிறேன்.